சிறு வலியின் கணக்கு

வாரத்திற்கு மூன்று நாள். நாளொன்றுக்கு இரண்டு ஊசி. ஆண்டிற்கு ஐம்பத்திரண்டு வாரம். பெருக்கிப் பார்த்தால் 312 வருகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்பால் உயிர் தாங்கி நிற்கும் எங்களைப் போன்றோரின் ஆண்டுக் கணக்கு இது. பணமோ நாற்காலியோ போதாமல் வாரம் இருமுறை மட்டும் வந்து செல்வோருக்கு 208. ஊசி என்றதும் காய்ச்சலுக்குப் போடும் ஊசியை வாசக அன்பர்கள் நினைத்துவிடலாகாது. அது பெரும்பாலும் 23 கேஜ் ஊசி. பருமன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். எங்கள் கையில் இறங்குவது 16 கேஜ், பருமன் 1.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எண் குறையக் குறைய ஊசி பருக்கும் என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கை நாங்கள் படுக்கையில்தான் கற்றோம். ஓர் ஊசி இரத்தத்தை இயந்திரத்திற்குக் கொண்டுபோகிறது. மற்றொன்று தூய்மையான இரத்தத்தைத் திருப்பிக் கொணர்கிறது. நான்கு மணி நேரமும் இரண்டும் கையிலேயே இருக்கும்.

'நாங்கள்' என்பது யார் என்று சொல்லிவிடுவது முறை. கடற்கரையோர மருத்துவமனை ஒன்றில், பிற்பகல் நேரத்து முறையில், ஏழு நாற்காலிகளில் சாய்ந்திருக்கும் ஏழு பேர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்; நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்திலும் பின்னர் வள்ளத்திலும் கடலுக்குப் போன மீனவர் ஒருவர்; மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத பெரியவர்; சர்க்கரை நோயால் பார்வையை இழந்த பாட்டி; தேநீர்க் கடைக்காரர்; கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு இந்த நோயும் வந்து சேர்ந்த இளம்பெண். ஏழாவது நாற்காலியில் இருப்பவர் இதை எழுதுகிறார். மற்ற அறுவருக்கும் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறார். ஆகவே இது எழுவரின் சொல் என்று கொள்ளலாம். எழுவரில் இருவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். வலியைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு எங்கள் அறையில் தெரிவதில்லை.

இந்த அறையில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வந்ததும் எடை பார்க்கிறார்கள். எத்தனை கிலோ தண்ணீர் உடலில் தேங்கியிருக்கிறது என்று எழுதுகிறார்கள். மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தம். மாதத்திற்கு ஒருமுறை யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின். எங்கள் கோப்பைப் புரட்டினால் எங்கள் இரத்தத்தின் வரலாறு முழுவதும் கிடைக்கும். ஊசி குத்தும்போது எவ்வளவு வலித்தது என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்லை. அதற்காக யாரையும் நாங்கள் குறைகூறவில்லை. பெரிய துன்பம் இருக்கும் இடத்தில் சிறிய துன்பம் கணக்கில் ஏறாது; உலக வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. தவிர, இந்த நாற்காலி கிடைத்ததே பெரும்பேறு என்னும் எண்ணம் எங்கள் வாயை முன்னதாகவே அடைத்துவிடுகிறது.

அந்த எண்ணத்திற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளி ஒருவரின் கையில், மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லானால் ஆன வளைந்த குழாயைப் பொருத்தினார். நாடியையும் சிரையையும் தோலுக்கு வெளியே இணைத்த குழாய் அது. அதற்கு முன் செயற்கைச் சிறுநீரகம் இல்லாமல் இல்லை. ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் போர்க்காலத்திலேயே அதனைச் செய்து இயக்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைகளுக்கு மேல் தொடர இயலவில்லை. ஸ்கிரிப்னரின் குழாயோ கையிலேயே தங்கிவிட்டது. ஷீல்ட்ஸ் அதன் பின் பதினோரு ஆண்டு வாழ்ந்தார். உடனே அடுத்த இடர் எழுந்தது. நோயாளிகள் பலர், இயந்திரங்களோ மிகச் சில. 1962-இல் அந்நகரில் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டபோது, யாருக்கு இடம் தருவது என்று தீர்மானிக்க எழுவர் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அவர்களுள் மறைப்பணியாளர் ஒருவரும் இல்லத்தரசி ஒருவரும் இருந்தனர். விண்ணப்பித்தவரின் தொழில், குடும்பம், ஆலயத்திற்குச் செல்லும் வழக்கம் வரையில் பார்த்து, வாழ்வோரையும் மாள்வோரையும் பிரித்தார்கள் என்பதை அவ்வாண்டு நவம்பரில் 'லைஃப்' இதழ் வெளியிட்டபோது உலகம் அதிர்ந்தது. எழுவர் கூடி ஒருவருக்கு அளித்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வலிக்கிறது" என்று சொல்ல எவருக்கு நா எழும்?

இன்று நம் நாட்டில் அப்படி ஒரு குழு இல்லை. 2016-இல் நடுவணரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும், மாநில அரசின் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகள் பலரை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்த்துள்ளன. ஆயினும் நன்றியுள்ளவன் முறையிடக்கூடாது என்னும் பழைய கூச்சம் எங்களை விட்டுப் போகவில்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஸ்கிரிப்னரின் முறையில் ஒவ்வொரு தடவையும் ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. வெளியே இருக்கும் குழாயைக் கழற்றி இயந்திரத்தோடு இணைத்தால் போதும். ஆனால் அந்தக் குழாயில் இரத்தம் உறைந்தது, சீழ் பிடித்தது, உறக்கத்தில் கழன்றாலோ உயிருக்கே ஆபத்து. 1966-இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ என்னும் மருத்துவர்கள், அறுவை மருத்துவர் அப்பெல் என்பவரோடு சேர்ந்து, மணிக்கட்டருகே நாடியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே ஒட்டிவிடும் முறையை வெளியிட்டார்கள். நாடியின் வேகம் சிரைக்குள் பாய, நாளடைவில் அந்தச் சிரை பருத்துத் தடிக்கிறது. பருத்த ஊசியைத் தாங்கும் வலிமை பெறுகிறது. இதுதான் ஃபிஸ்டுலா. எங்களுக்கு ஆயுளைக் கொடுத்தது எதுவோ, அதுவே ஆண்டுக்கு 312 ஊசிகளையும் கொடுத்தது.

எங்கள் ஃபிஸ்டுலாவின் மீது எங்களுக்குள்ள பாசத்தை வெளியார் அறியமாட்டார்கள். காலையில் விழித்ததும் முதலில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறோம். உள்ளே தேனீக்கூடு இருப்பதுபோல ஒரு மெல்லிய அதிர்வு. அது இருந்தால் அன்றைய நாள் உண்டு. சிலுவை அடையாளம் வரையும் கை அதற்கு முன்பே அங்கே போய்விடுகிறது என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கையில் கடிகாரம் கட்டுவதில்லை, பை தூக்குவதில்லை, இரத்த அழுத்தம் பார்க்கவும் அதனைக் கொடுப்பதில்லை. இத்தனை அருமையாகக் காக்கும் கையைத்தான் வாரம் மூன்று முறை நீட்டுகிறோம். குத்தும் கணத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களே கொடியவை. பஞ்சால் துடைக்கும்போது தோலில் படும் குளிர்ச்சி, பிளாஸ்திரியைக் கிழிக்கும் ஓசை, ஊசியின் மூடி கழலும் ஓசை. நான்கு ஆண்டுகள் ஆனவரும் அந்த ஓசைக்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

சிறிய வலிதானே என்று விட்டுவிடலாம்; ஆனால் அதன் அச்சம் சிறியதன்று. எங்கள் ஏழாம் தோழியாகிய அந்த இளம்பெண்ணின் கையில் ஃபிஸ்டுலா இல்லை. கழுத்துக்குக் கீழே பொருத்திய குழாய் வழியாகத்தான் அவளுக்குச் சுத்திகரிப்பு நடக்கிறது. அவசரத்திற்கு அது உதவும். நெடுநாள் வைத்திருந்தால் கிருமி புகும் வழியாகிவிடும். புகுந்த கிருமி இதயம் வரையில் போகக்கூடும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, இரண்டாம் முறை பத்து நாள் உள்நோயாளியாகக் கிடந்தாள். கையில் ஃபிஸ்டுலா வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் எத்தனையோ முறை சொல்லியும் அவள் இசையவில்லை. காரணத்தை ஒருநாள் ஆசிரியையிடம் மட்டும் சொன்னாள்: "நீங்க எல்லாரும் குத்தும்போது முகத்தை எப்படி வச்சிக்கிறீங்கன்னு தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், டீச்சர்." எங்கள் முகங்களே அவளுக்குப் பாடநூலாக இருந்திருக்கின்றன.

இந்த நிலையில்தான் எங்கள் அறைக்குள் பனி பெய்தது. அதற்கும் மூல ஊர் அதே சியாட்டில் என்பதைப் பின்னரே அறிந்தோம். அந்நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் உளவியல் அறிஞர்கள், 1990-களின் பிற்பகுதியில், ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். தீக்காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றும் வேளை கொடுமையானது. அபின் வகை மருந்துகளும் அதனை முழுமையாக அடக்குவதில்லை. கண்களை மூடி அணியும் கருவி ஒன்றில் கணினி வரையும் உலகைக் காட்டினால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்பும். ஆகவே பார்ப்பவர் உள்ளே இருப்பதாகவே உணர்வார். 2000-ஆம் ஆண்டில் 'பெயின்' என்னும் மருத்துவ இதழில், பதின்பருவத்தினர் இருவரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். சாதாரண வீடியோ விளையாட்டில் ஈடுபட்டபோது இருந்ததைவிட மெய்நிகர் உலகில் இருந்தபோது அவர்களின் வலி குறைந்தது. பின்னர் தீக்காயத்தாருக்கென்றே 'ஸ்நோ வேர்ல்ட்' என்னும் பனியுலகை உருவாக்கினார்கள். வெந்த உடலுக்குப் பனிப் பள்ளத்தாக்கு. அங்கே பென்குவின் பறவைகள்மீதும் பனிமனிதர்மீதும் பனியுருண்டைகளை எறிந்துகொண்டே மிதந்து செல்லலாம். 2004-இல், நலமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, வலியைப் பதியும் பகுதிகளிலேயே செயற்பாடு தணிந்திருப்பது தெரிந்தது. வலியை உணரவும் மனத்திற்குக் கவனம் வேண்டும். கவனமோ அளவுள்ள பொருள். அதனைப் பனி செலவழித்துவிட்டால் வலிக்கு மிச்சம் குறைவு. இதுவே அவர்களின் விளக்கம்.

பின்னர் இந்த முறை பல துறைகளுக்கும் பரவிற்று. துருக்கி, ஈரான் முதலிய நாடுகளின் செவிலிய ஆய்வாளர்கள் ஃபிஸ்டுலாவில் ஊசி குத்தும் வேளையிலேயே இதனைச் சோதித்திருக்கிறார்கள். சிறிய ஆய்வுகள்தாம்; எனினும் அந்தக் கருவியை அணிந்தவர்கள் தங்கள் வலிக்குக் குறைந்த எண்ணையே கொடுத்ததாகப் பலவும் கூறுகின்றன. 2021 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் நாள்பட்ட முதுகுவலிக்கென மெய்நிகர் கருவி ஒன்றுக்கு ஒப்புதலும் அளித்தது.

எங்களிடம் அதனைக் கொண்டுவந்தது ஆய்வாளர் எவரும் அல்லர், பாட்டியின் பேரன்தான். கோவையில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை, கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்தபோது, தான் விளையாட வாங்கிய கருவியைக் கையோடு எடுத்து வந்தான். பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் இசைவு கேட்டான். (எங்கள் மருத்துவமனையில் துறவியும் சிஸ்டர், செவிலியும் சிஸ்டர், அன்று இசைவளித்தவர் இரண்டுமாக இருந்தார்.) ஒருவர் அணிந்ததைக் கிருமிநாசினியால் துடைத்து, புது உறை போட்ட பின்னரே அடுத்தவர் அணிய வேண்டும், குத்தும் நேரத்திற்கு மட்டும்தான் என்று அவர் கட்டளையிட்டார். பேரனோ, தன் பங்குக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் குத்தியவுடன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு எழுதிக்கொள்ளும்படி டெக்னீஷியன் தம்பியிடம் கொடுத்தான். முதல் வாரம் கருவி இல்லாமல். மறு வாரம் கருவியோடு.

முதல் வாரமே எங்களுக்குப் போதியதாயிற்று. ஆசிரியை ஐந்து என்றார். தேநீர்க் கடைக்காரர் மூன்று என்று சொல்லிவிட்டு, இல்லை நான்கு என்று திருத்தினார். மின்வாரியப் பெரியவர் நான்கு ஆண்டுகளாகக் கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பவர். புருவம் அசைந்து நாங்கள் கண்டதில்லை. அவருக்கு வலிப்பதே இல்லை என்றுதான் புதியவர்களிடம் சொல்லித் தேற்றுவோம்.

"ஐயா, பத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது."

டெக்னீஷியன் தம்பி தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஒன்பதா? இத்தனை நாள் ஏன் ஐயா சொல்லல?"

"யாரும் கேக்கலியே, தம்பி."

அன்று அந்த அறையில் அதன் பின் வெகுநேரம் இயந்திரங்களின் ஓசை மட்டுமே கேட்டது.

மறு வாரம் கருவி வந்தது. ஆசிரியைக்கு மலைச்சாரலில் பனி பொழியும் காட்சி. இரண்டு ஊசியும் இறங்கி, குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கிய பின்பு, "எப்போது குத்தப் போகிறீர்கள்?" என்று கேட்டார். தாளில் இரண்டு என்று ஏறியது. பெரியவருக்கு ஒன்பது ஆறாயிற்று. மேலும் குறையவில்லை, ஆனால் முதன்முறையாக அவர் கருவியைக் கழற்றியபின் எங்களைப் பார்த்தார். மீனவருக்குத்தான் விபரீதம் நேர்ந்தது. அவருக்குப் பிடிக்கும் என்று கருதிப் பேரன் கடற்காட்சியை வைத்துவிட்டான். அரை நிமிடத்தில் கருவியைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினார். "இது என்னய்யா கடலு? நான் இருக்குறது ஒரு இடம், அலை ஆடுறது ஒரு இடம்! வயித்தப் பெரட்டுது." கண் அசைவு என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவில்லை என்கிறது, இந்த முரண்பாட்டால் குமட்டல் வரும் என்று நூல்கள் விளக்குகின்றன. மீனவர் அதனை நூலில்லாமல் விளக்கிவிட்டார். நாற்பதாண்டுக் காலம் கடல் குமட்டாதவருக்கு மருத்துவமனை நாற்காலியில் குமட்டியது என்று அவர் ஊர்க்காரர்கள் இன்றும் கேலி செய்கிறார்களாம்.

மீனவருக்கு வேறொரு காரணமும் இருந்தது. கையைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எந்த இடம் மரத்துப்போயிருக்கிறது, எந்த இடம் நேற்று வீங்கியது, ஊசி எந்தச் சாய்வில் போனால் சிரையின் மறுசுவரைத் துளைக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "தம்பி, அங்க வேண்டாம், ஒரு விரக்கடை மேல போ" என்று அவர் சொன்னால் டெக்னீஷியன் தம்பி மறுபேச்சின்றிக் கேட்பார். பார்ப்பதே அவருக்கு ஆறுதல். கண்ணை மறைப்பது அவருக்குக் கையைப் பறிப்பதாகும். இந்தப் பொறுப்பு எங்கள் எல்லாருக்கும் ஓரளவு உண்டு. ஊசி நழுவினால் சில நிமிடங்களிலேயே பேரளவு இரத்தம் வெளியேறிவிடும்; அதனால்தான் கையைப் போர்வைக்குள் வைக்கலாகாது என்கிறார்கள். நான்கு மணி நேரமும் நோயாளியைப் பனியுலகுக்கு அனுப்பிவிட்டால், பார்க்கும் கண் ஒன்று குறைகிறது. சிஸ்டர் குத்தும் நேரத்திற்கு மட்டும் என்று வரையறுத்தது எவ்வளவு அறிவுடைமை என்பதை அன்று உணர்ந்தோம்.

கருவியைக் கொண்டுவந்தவனின் சொந்தப் பாட்டிக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. சிறுநீரகத்தை அழித்த சர்க்கரை நோயே அவர் விழித்திரையையும் அழித்துவிட்டது. இந்த அறைகளுக்கு வருவோரில் இப்படிப் பார்வை மங்கியவர் பலர். இதனைக் கருவி செய்வோர் எண்ணிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. பேரன் முகம் வாடி நின்றபோது பாட்டி சொன்னார்: "எனக்குப் படம் வேண்டாம், ராசா. குத்தப் போறேன்னு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. இருட்டுல இருக்குறவளுக்கு அதுதான் பயம்." டெக்னீஷியன் தம்பி அன்றிலிருந்து பாட்டியிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டே குத்துகிறார். பாட்டியின் எண் ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது. இதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

இனி, நம் அன்பர்கள் மனத்தில் எழக்கூடிய ஒரு வினாவுக்கு வருவோம். எங்களைக் காண வரும் அன்பியத்துச் சகோதரர் ஒருவர், பனிக் காட்சியைப் பற்றிக் கேள்வியுற்று, நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்: "வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் பலன் அல்லவா? அதை ஏன் மறக்க வேண்டும்?" இந்தச் சொல்லை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஒப்புக்கொடுத்தலை நாங்கள் மறுக்கவில்லை. நள்ளிரவில் கால் குடைச்சலெடுக்கும்போது அதைத் தவிர வேறு துணை எங்களுக்கு இல்லை. ஆனால் தன் வலியை ஒருவர் ஒப்புக்கொடுப்பது வேறு. மற்றொருவரின் வலியை அவருக்காக நாம் ஒப்புக்கொடுத்துவிடுவது வேறு. பின்னது மிகவும் எளிது.

திருச்சபையின் போதனை இதில் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. வலி குறைந்த பேறுகாலத்தைப் பற்றித் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956 ஜனவரி 8-ஆம் நாள் மருத்துவர்களிடம் உரையாற்றினார். மருந்தின்றி, மனப்பயிற்சியால் மட்டும் பேறுகால வலியைத் தணிக்கும் முறை அப்போது ரஷ்யாவிலிருந்து பரவிக்கொண்டிருந்தது. கடவுள் மறுப்பாளர் நாட்டிலிருந்து வந்தது. ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைக்கு எதிரானது என்று பலர் ஐயுற்றனர். அந்த முறையில் குற்றமேதும் இல்லை. தொடக்க நூலின் அந்த வார்த்தை தாய்மார் நிவாரணம் தேடுவதைத் தடை செய்யவில்லை. கண்டுபிடித்தவர்களின் கொள்கை எதுவாயினும் உண்மை உண்மையே என்று அவர் தெளிவுபடுத்தினார். கவனத்தைத் திருப்பி வலியைக் குறைப்பது என்பதில் அந்த முறைக்கும் எங்கள் பனிக்கும் உறவு உண்டு. மறு ஆண்டு, 1957 பிப்ரவரி 24-இல், மயக்க மருந்து வல்லுநர்களின் வினாக்களுக்கு விடையளித்தபோது, வலியைத் தணிப்பதை மறுத்தே தீரவேண்டும் என்னும் பொதுக் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்றும் கூறினார். தாமே விரும்பி ஏற்பவரின் தியாகத்தை அவர் போற்றினார். அதனைப் பிறர்மேல் சுமத்தவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11-இல் வெளியிட்ட, துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றிய திருமடலை எங்களுக்குப் படித்துக் காட்டிய பங்குத் தந்தை, அதில் நல்ல சமாரியனுக்கென்றே ஒரு பகுதி இருப்பதைக் காட்டினார். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்த அந்த மனிதன், அடிபட்டவனிடம் ஒப்புக்கொடு என்று சொல்லவில்லை.

கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் மறுத்தார் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே சிலுவையில் சற்று நேரங்கழித்துத் தமக்குத் தாகமாய் இருப்பதாகச் சொல்லி, நீட்டப்பட்ட கடற்பஞ்சின் புளித்த இரசத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்று யோவான் எழுதியிருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த இடம் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. உடலிலிருந்து நீர் வெளியேற வழியில்லாத எங்களுக்குக் குடிநீருக்கு அளவு உண்டு. சித்திரை வெயிலிலும் நாளுக்கு ஒரு லிட்டருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். தாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஆண்டவரை, புனித வெள்ளியன்று நாங்கள் வேறொரு விதமாகக் கேட்கிறோம்.

தாகத்தைச் சொன்னதும் பனிக்கட்டி நினைவுக்கு வருகிறது. நாக்கு வறளும்போது ஒரு சிறு கட்டியை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் பழைய உபாயம். அந்தக் கட்டிக்கு மற்றொரு பயனும் உண்டு என்பதை, பேரன் விடுமுறை முடிந்து கருவியோடு கோவைக்குத் திரும்பிய பிறகு சிஸ்டர் தேடிப் பிடித்தார். 2008-இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில், புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் செவிலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஃபிஸ்டுலா இல்லாத மறுகையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் பனிக்கட்டியால் தேய்த்துக்கொண்டே ஊசி குத்தினால் வலி குறைகிறது என்பது அதன் முடிவு. தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் உண்டு, வேறு உணர்ச்சிகள் முந்திக்கொண்டால் அது பாதி சாத்தப்படும் என்று 1965-இல் மெல்ஸாக், வால் என்னும் இருவர் சொன்ன கோட்பாட்டோடு இதனை இணைத்துப் பார்க்கிறார்கள். மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்தலாம். ஆனால் அதுவும் ஓர் ஊசி, எரிச்சலோடு கூடியது. களிம்பும் உண்டு; ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன்பே பூசி மூடி வைக்க வேண்டும்; இரண்டு பேருந்து மாறி வருபவருக்கு அது இயலுவதில்லை. பனிக்கட்டிக்கு மருத்துவமனைச் சமையற்கட்டின் குளிர்பெட்டி போதும். சியாட்டிலில் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த பனியும், தில்லியில் கைக்குள் வைத்துத் தேய்த்த பனியும் எங்கள் அறையில் வந்து சந்தித்துக்கொண்டன.

அந்தக் கட்டுரை வெளிவந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் எங்கள் கைக்கு அது ஏன் வரவில்லை என்று யோசித்தோம். விலை தடையல்ல, கருவி தடையல்ல, கற்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வலியின் எண்ணை எவரும் கேட்டதில்லை. கேளாத எண்ணைக் குறைக்க யாருக்குத் தோன்றும்? கோவைப் பிள்ளை கொண்டுவந்த கருவியைவிட அவன் டெக்னீஷியன் தம்பியிடம் கொடுத்த அந்தத் தாளையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். இப்போது எங்கள் கோப்பில், இரத்த அழுத்தத்திற்குக் கீழே, பேனாவால் கோடிட்ட ஒரு கட்டம் இருக்கிறது. அச்சிட்ட படிவத்தில் அது இல்லை; சிஸ்டர் ஒவ்வொரு தாளிலும் அளவுகோல் வைத்துத் தாமே வரைகிறார்.

இன்று எங்கள் முறையில் மூவர் பனிக்கட்டி கேட்கிறார்கள். பாட்டிக்கு எண்ணிக்கை. மீனவர் வழக்கம்போல் தம் கையைத் தாமே பார்த்துக்கொள்கிறார். அவருடைய எண் முன்பும் இரண்டு, இப்போதும் இரண்டு. பெரியவர் ஆறிலும் ஏழிலுமாக நிற்கிறார். எனினும் குத்திய பிறகு அவர் சுவரைப் பார்ப்பதில்லை, அன்றைய எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்காரரிடம் அவர் எண்ணைக் கேட்கிறார். பேரன் ஈஸ்டருக்கு வரும்போது கருவியை இங்கேயே விட்டுச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

இளம்பெண் சென்ற மாதம் இடக்கையில் ஃபிஸ்டுலா வைத்துக்கொண்டாள். அது முதிர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கழுத்துக் குழாய்தான். தினமும் ரப்பர் பந்து ஒன்றைக் கைக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே வருகிறாள். நேற்று பாட்டியின் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று கேட்டாள். பாட்டி வெகுநேரம் தொட்டுப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார். பிறகு அவள் பேரனுக்குச் சொல்லியனுப்பும்படி ஒரு விண்ணப்பம் வைத்தாள்: அந்தக் கருவியில் கடல் இல்லாத படமாக ஒன்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டுமாம்.